கைக்குள் ஒரு பிடி ஐஸ்

நாலு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர். யூரியூப்பில் அந்தத் தொடரின் கடைசிப் பாகத்தை முதல் கிழமையில் பார்த்தவர்களின் தொகை அது. எடுத்த பெடியளே அவ்வளவை எதிர்பார்க்கவில்லை. ரொறன்ரோவில் பார்த்தார்கள். கட்டாரில் வேலை முடிந்து வந்து கட்டிலில் கிடந்தபடி பார்த்தார்கள். யாழ்ப்பாணத்துக் குருநகரில் மீன் வெட்டுகிறவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பார்க்காத ஒருத்தி, அந்தத் தொடரின் கொலைகாரனோடு ஒரே வீட்டில் இருந்து, ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

செபநாயகம் ஜெயனி. வயது முப்பத்தொன்று, முன்பள்ளி ரீச்சர். கொலைகாரனாக நடித்த றமேஸ் அவளுடைய அண்ணன். பகலில் படகு எஞ்சின் திருத்துவான், சனி ஞாயிறில் நடிப்பான்.

"உனக்கு வேண்டாம் பிள்ளை" என்று அவன் முதலிலேயே சொல்லியிருந்தான். "ஒரே ரத்தம். உன்ரை தலையிடிக்குச் சரிவராது."

ஜெயனிக்கும் அப்படியான படங்களில் ஆசையில்லை. அவற்றின் போக்கு அவளுக்கு நன்றாகத் தெரியும். மனம் சரியில்லாத ஆள் என்றால் படத்தில் இரண்டே வேலை. ஒன்று, கொல்ல வேண்டும். இல்லாவிட்டால் காதலித்தவன் கட்டிப்பிடித்ததும் ஒரு பாட்டுக்குள் சுகமாகிவிட வேண்டும். இரவு ஏழு மணிச் சீரியலில் என்றால் வில்லி கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு குரலில் பேசுவாள், பாலில் எதையாவது கலப்பாள். டொக்டர் ஒரேயொரு தடவை வந்து, மூளைப் படமொன்றைச் சுவரில் காட்டி, நோயின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போவார். கிளினிக் வாங்கிலில் நம்பர் துண்டோடு காத்திருக்கிற ஒருவரையும் எந்தப் படத்திலும் அவள் கண்டதில்லை. மருந்து குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவரையும் கண்டதில்லை.

அவள் அந்த இரண்டையும் செய்கிறவள். அதனால்தான் அவளுக்குத் தெரியும்.

தொடரில் என்ன இருக்கிறது என்பதை அவளுக்குச் சொன்னவர்கள் நாலு வயதுப் பிள்ளைகள்.

முன்பள்ளி பெர்னடெட் ரீச்சர் வீட்டின் முன்விறாந்தையில் நடக்கிறது. இடைவேளை நேரம். சின்னவன் ஒருவன் தண்ணீர்ப் போத்தலைக் கையில் கவிழ்த்து, விரல்களை இறுகப் பொத்திக்கொண்டு, சொட்டுச் சொட்டாக நீர் வழிய அசைந்து அசைந்து நடந்து வந்தான். மற்றவர்கள் கூச்சலிட்டு ஓடினார்கள். பிடிபட்ட பிள்ளை மண்ணில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னடா விளையாட்டு இது?"

"ஐஸ் றொபின், ரீச்சர்! அவர் கையிலை ஐஸ் பிடிச்சாரெண்டால் ஒராள் சரி!"

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

செத்துக்கிடந்தவள் ஒரு கண்ணைத் திறந்தாள். "உங்கடை அண்ணாதானே ரீச்சர் அவர். உங்களுக்குத் தெரியாதே?"

ஜெயனி அந்தப் பொத்திய சின்னக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெருவிரல் உள்ளே, மற்ற நாலு விரலும் வெளியே. நீர் மணிக்கட்டால் இறங்கி முழங்கைக்கு ஓடுகிறது. அது அவளுடைய கை.

*

தகப்பன் இறந்த வருடம், தன் இருபத்திரண்டு வயதில், ஜெயனிக்கு மனவருத்தம் என்கிற அந்த நோய் முற்றியது. யாராவது போனை எடுக்கவில்லை என்றால் அவளுக்கு அது எடுக்காத போன் அல்ல. தன்னை ஒரேயடியாக விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்பதுதான். காலையில் ஒரு சிநேகிதியை உயிர் என்பாள், மத்தியானம் அவள் முகத்திலே முழிக்க மாட்டேன் என்பாள், பின்னேரம் அழுதுகொண்டு அவள் வீட்டு வாசலில் நிற்பாள். தன்னைத் தானே நோகடித்துக்கொண்டு இரண்டு தடவை ஆசுபத்திரியில் கிடந்தாள். தாய் அருமைநாயகி நேர்த்தி வைக்காத கோவில் இல்லை. "விசரி" என்று ஒழுங்கைக்குள் சொன்னார்கள். கடைசியில் தெல்லிப்பழை ஆசுபத்திரியில் ஒரு டொக்டர் ஆறுதலாக இருந்து கேட்டு, பெயர் சொன்னார்: எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. பெயர் ஒன்று கிடைத்ததே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அங்கே ஆலோசனை சொல்கிற மிஸ் ஒருவர், துஷாந்தினி என்று பெயர். அவர்தான் ஐஸைச் சொன்னார். "அது அலை மாதிரி வரும் ஜெயனி. கொஞ்ச நேரத்தாலை தானா இறங்கும். இறங்குமட்டும் உங்களை நீங்கள் ஒண்டும் செய்யாமல் இருக்கோணும், அவ்வளவுதான். ஐஸ் ஒரு பிடி எடுத்துக் கையிலை இறுக்கிப் பொத்திப் பிடியுங்கோ. குளிர் உங்களை இஞ்சை கொண்டந்து விடும்."

"மிஸ், குருநகரிலை ஐஸுக்குப் பஞ்சமே?" என்று ஜெயனி கேட்டாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து றமேஸ் மீனுக்குப் போடுகிற ஐஸில் கொஞ்சம் பையில் கட்டிக்கொண்டு வருவான். அவளுக்கு அலை எழும்புகிற நாட்களில் பக்கத்தில் குந்தியிருந்து தானும் ஒரு பிடி எடுத்துப் பொத்திக்கொள்வான். "ஆர் முதல் விடுறது எண்டு பாப்பம். தோக்கிற ஆள் மற்றாளுக்கு மீன் றோல் வாங்கிக் குடுக்கோணும்." இருவரின் கையிலிருந்தும் நீர் சொட்டும். அநேகமாக அவன்தான் தோற்பான். வேண்டுமென்றுதான் தோற்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

ஐஸும், மாதமொருமுறை தெல்லிப்பழை பஸ்ஸும், பிள்ளைகளும். அந்த மூன்றிலும்தான் ஜெயனி நின்றாள். மருதனார்மடம் சந்தியில் மரக்கறி மூட்டை ஏறி முடியும்வரை பஸ் நிற்கிற நேரத்தில், பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை யோசித்து முடிப்பாள். "மருந்தைக் குறைக்கிறதைப் பற்றிப் பிறகு யோசிப்பம், அந்த வேலையை மட்டும் விட்டிடாதையுங்கோ" என்று டொக்டர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். ஏழு வருடமாக அவள் விடவில்லை. முன்பள்ளியில் தேநீர் வைக்கிற மூலையில் ஒரு பிளாஸ்கு, அதற்குள் ஐஸ். அது ஏன் என்று பெர்னடெட் ரீச்சருக்கு மட்டும் தெரியும்.

*

அன்று பள்ளி விட்டதும் ஜெயனி இறங்குதுறைப் பக்கம் போய், கவிழ்த்துப்போட்ட படகொன்றின் நிழலில் இருந்து ஆறு பாகத்தையும் பார்த்தாள்.

அண்ணன் நன்றாக நடித்திருந்தான். அதுதான் முதலில் குத்தியது. றொபின் என்பவன் அமைதியான ஆள். யாராவது அவனை விட்டுவிட்டுப் போகப் பார்த்தால் ஐஸ் பெட்டியைத் திறப்பான். ஒரு பிடி அள்ளுவான். கமெரா கைக்குக் கிட்டே வரும். இசை நின்றுவிடும், நீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். அடுத்த காட்சியில் ஒரு பிரேதம். செருப்புகளைச் சோடி சோடியாக நேராக்கி வைப்பது, "கோவமே? கோவமே?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, அழ முதல் ஒரு தடவை சிரிப்பது எல்லாம் இருந்தது. அவளுடைய பழக்கங்களில் ஒன்றும் குறையவில்லை. கடைசிப் பாகத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் பொலிசுக்கு விளக்கினார்: "இதுக்குப் பேர் ஆளுமைக் கோளாறு. இப்படிப்பட்டவர்களுக்கு இரக்கமே இருக்காது. எந்த நேரம் என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது."

ஜெயனிக்கு இரக்கம் இல்லாமல் போன நாள் ஒன்று இருந்திருந்தால் அவள் எவ்வளவோ சுகமாக இருந்திருப்பாள்.

வீட்டுக்குப் போனபோது றமேஸ் புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். திரையில் அவன் பொத்திய கை.

"பாத்திட்டியே" என்றான். புட்டுப் பிசைந்த கை நின்றது.

"கண்டறியாத நடிப்பு. கள்ளா, என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டியா?"

"கொலின்ஸ்தான் கேட்டவன், வில்லனுக்கு ஒரு பழக்கம் வேணும், ஒருத்தரும் காணாததா இருக்கோணும் எண்டு. எனக்கு உடனை வந்தது அதுதான்." கொலின்ஸ்தான் தொடரை எடுத்தவன். "உன்னை நினைச்சுச் செய்யேல்லையடி. நானும்தானே எத்தினை தரம் உன்னோடை இருந்து பிடிச்சனான். அந்த ஐஸிலை எனக்கும் ஒரு பங்கு இருக்கெண்டு நினைச்சிட்டன்."

"அந்த வருத்தத்தின்ரை பேரிலையும் உனக்குப் பங்கே?"

"அது டப்பிங்கிலை போட்டது. எனக்கு ஆணைக்கும் தெரியாது."

"சோத்துக்கு முன்னாலை வேண்டாம் மக்களே" என்றாள் அருமைநாயகி அடுப்படியிலிருந்து.

றமேஸ் குரலைத் தாழ்த்தினான். "நீ பயப்பிடாதை. பட்டம் ஆருக்கு? நடிச்சவனுக்குத்தான். சனம் என்னைத்தான் ஐஸ் றொபின் எண்டுது. சந்தையிலை பாரைமீன் தந்தவன் காசு வாங்கேல்லை. உன்னை ஆர் நினைக்கப் போகினம்?"

அவன் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் கரையில் கூத்தில் ஒருவன் எந்த வேசம் கட்டுகிறானோ அந்தப் பெயர் சாகும்வரை அவனோடு ஒட்டிக்கொள்ளும். அவர்களின் தகப்பன் செபநாயகம் ஒரேயொரு கூத்தில், ஒரேயொரு பருவம் சேனாதிபதியாக ஆடினார். பிறகு வாழ்க்கை முழுக்க மீன்தான் பிடித்தார். அவர் செத்தபோது மதிலில் ஒட்டிய மரண அறிவித்தலில் கொட்டை எழுத்தில் போட்டது: சேனாதிபதி செபநாயகம்.

ஜெயனி தமையனின் முகத்தைப் பார்த்தாள். "அண்ணை, அம்மாவைச் சந்தையிலை என்னெண்டு கூப்பிடுறவை?"

பதிலையும் அவளே சொன்னாள்.

"சேனாதிபதி பெஞ்சாதி. என்னைப் பள்ளிக்கூடத்திலை என்னெண்டு கூப்பிட்டவை? அம்மா கூத்தாடினவவே? நான் வாளெடுத்தனானே? இஞ்சை பட்டம் எப்பவாவது ஒராளோடை நிண்டிருக்கே?"

*

அது நிற்கவில்லை.

சில நாட்களில், பாலர் விளையாட்டுப் போட்டிக்கான ஒத்திகையன்று, ஒரு தகப்பன் தன் மகனைக் கடைசி வரிசையில் விட்டதற்காக ஜெயனியை எல்லோருக்கும் முன்னால் பேசிவிட்டுப் போனார். "ஆள் பாத்துத்தான் பிள்ளையளை முன்னுக்கு விடுவியள் என்ன" என்றார். சின்னச் சொல். வேறு ஆளாக இருந்தால் மத்தியானத்துக்குள் மறந்திருக்கும். ஜெயனிக்கு அலை எழும்பியது. பிள்ளைகளை பெர்னடெட் ரீச்சரிடம் விட்டுவிட்டுத் தேநீர் மூலைக்குப் போனாள். பிளாஸ்கைத் திறந்து ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். செய்ய வேண்டியதைச் செய்தாள். ஏழு வருடமாக அந்த மூலையில் செய்ததைத்தான் செய்தாள்.

மறந்துபோன சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்த ஒரு தாய் அந்தப் பக்கத்தால் வந்தாள். பொத்திய கையைக் கண்டாள், நிலத்தில் சொட்டிய நீரைக் கண்டாள். பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தாய்மாருக்குப் போனில் ஒரு குழு இருந்தது. மத்தியானத்துக்கு முன்பே செய்தி சுற்றிவிட்டது. றொபின் கதை உண்மைக் கதையாம், தங்கச்சியின் கதையாம், தெல்லிப்பழையில் கிளினிக் துண்டு இருக்காம். யாரோ இந்தியப் படமொன்றில் பைத்தியக்காரி குழந்தையைக் கிணற்றுக்குள் பிடித்திருக்கிற படத்தையும் போட்டு, "கவனம் தாய்மாரே" என்று எழுதினார்கள். அடுத்த நாள் விறாந்தையில் பாதிக் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

பெர்னடெட் ரீச்சர் வீடு வீடாகப் போனார். "ஏழு வருசத்திலை ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் பட்டிருக்கே?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். "பிறகென்ன?" "படேல்லைத்தான் ரீச்சர், அதுதான் பயமாக்கிடக்கு. றொபினையும் ஐஞ்சாம் பாகம் வரைக்கும் ஊரே நல்லவன் எண்டுதானே நினைச்சது!"

கொலின்ஸ் வந்தான். மனம் வருந்தித்தான் வந்தான். "அக்கா, நாங்கள் இதை விழிப்புணர்வா மாத்துவம். நீங்கள் கமெராவுக்கு முன்னாலை ஐஞ்சு நிமிசம் உங்கடை வருத்தத்தைச் சொல்லுங்கோ. 'உண்மையான றொபின்' எண்டு தலைப்புப் போட்டால் சனம் விழுந்து பாக்கும்."

"நீ என்ரை வருத்தத்தை ஆரின்ரை வாயாலை கேட்டு எழுதினனி தம்பி?"

"இன்ரநெற்றிலை படிச்சனான் அக்கா. பிறகு ரெண்டு மூண்டு இங்கிலிஸ் படம் பாத்தன்."

"அவங்களும் உப்பிடித்தான் ரெண்டு மூண்டு படம் பாத்திருப்பாங்கள்" என்றாள் ஜெயனி. கொலின்ஸ் கொண்டுவந்த கேக்கை வாங்கிலில் வைத்துவிட்டுப் போனான்.

கடைசியாக றமேஸ் போனான். ஞாயிறு பூசைக்குப் போடுகிற சட்டையைப் போட்டு, முகம் வழித்து, பள்ளி விடுகிற நேரத்துக்குப் முன்பள்ளிப் படலை வாசலில் போய் நின்றான். தாய்மாரிடம் உள்ளதைச் சொல்லப் போகிறேன் என்று ஜெயனியிடம் சொல்லியிருந்தான். அவள் உள்ளே யன்னலுக்குப் பின்னால், பிள்ளைகள் உருட்டிய களிமண்ணைப் பெட்டியில் போட்டபடி நின்றாள். யன்னல் திறந்திருந்தது.

"அக்காமார், நான் ஒண்டு சொல்ல வந்தனான்..."

"ஐயோ, இஞ்சை பாருங்கோவன், ஐஸ் றொபின் அண்ணை!"

சூழ்ந்துகொண்டார்கள். பிள்ளையை மறித்து வைத்திருந்த தாய்மாரும் வீதியைக் கடந்து வந்தார்கள். "எங்கடை இவர் கட்டாரிலையிருந்து ஒரு பாகம் விடாமல் பாத்தவர். ஒரு செல்பி எடுப்பமே அண்ணை?"

"எடுப்பம், எடுப்பம். முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அந்த ஐஸ் இருக்கெல்லே, அது கொலை செய்யிறதுக்கில்லை. மனவருத்தம் வந்தால் தாங்கிறதுக்கு டொக்டர்மார் சொல்லிக் குடுக்கிறது. அதைப் பிடிக்கிற ஆள் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாது. தன்னைக் காப்பாத்தத்தான் பிடிக்கிறது."

"அது தெரியும் அண்ணை, நடிப்புத்தானே!" எல்லோரும் சிரித்தார்கள். "நடிக்கிறவருக்கு ஆர் பயம்? நிசமா உள்ளவைக்குத்தான் பயம்." அப்படிச் சொன்ன தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவன் கையைத் தொட்டாள். "நீங்களும் பாவம் என்ன. வீட்டுக்குள்ளை வைச்சுப் பாக்கிறது லேசுப்பட்ட காரியமே."

"மாமா, கையைப் பொத்துங்கோ!" என்று இடுப்பிலிருந்த பிள்ளை கத்தியது. போன்கள் உயர்ந்தன.

றமேஸின் வலது கை எழும்பியது. பெருவிரல் உள்ளே, நாலு விரல் வெளியே. தலை கொஞ்சம் சரிந்தது. றொபினின் அந்தச் சின்னச் சிரிப்பும் வந்துவிட்டது. படம் எடுத்து முடிந்த பிறகுதான் அவன் யன்னலைக் கண்டான்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். ஐஸ் லொறியொன்று வீதியை நனைத்துக்கொண்டு கடந்து போனது.

"கை தானா எழும்பீட்டுது, ஜெயனி" என்றான். அழுகிற குரல்.

"தெரியும்" என்றாள் அவள். "நானும் டொக்டரிட்டை இதைத்தானே சொல்லுறனான்."

*

பெர்னடெட் ரீச்சர் அவளைப் போகச் சொல்லவில்லை. "கொஞ்ச நாளைக்கு வீட்டை இரன் பிள்ளை. அடுத்த தவணை பாப்பம்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பிள்ளைகளின் காசில்தான் விறாந்தைக்கு ஓடு போட்டவர். அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை.

"பிள்ளையளுக்கு என்ன சொல்லுவியள் ரீச்சர்?"

"சுகமில்லை எண்டு சொல்லுறன்."

"அது மட்டும் வேண்டாம்" என்றாள் ஜெயனி. "வேறை வேலை கிடைச்சுதெண்டு சொல்லுங்கோ."

அதைப் பொய்யாக்கக் கூடாது என்று அந்தக் கிழமையே வேலை தேடினாள். கடைசி நாளன்று பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். வரும் வழியில் மதிலோரம் நாலைந்து பிள்ளைகள் கையைப் பொத்திக்கொண்டு ஓடித் திரிந்தார்கள். செத்துக்கிடந்தவள் எழும்பி, "ரீச்சர், நாளைக்கு வருவீங்களே?" என்று கேட்டாள். ஜெயனி அவளுடைய செருப்பு இரண்டையும் தேடி எடுத்துச் சோடியாக வைத்துக் கொடுத்தாள்.

தொடரின் இரண்டாம் பருவத்தில் நடிக்க மாட்டேன் என்று றமேஸ் சொல்லிவிட்டான். கொலின்ஸ் வேறொரு நடிகனைப் பிடித்துவிட்டான். ஐஸ் அப்படியே இருக்கும்.

ஜெயனி திங்கட்கிழமை நண்டுக் கம்பனியில் வேலைக்குச் சேருகிறாள். அவித்த நண்டின் சதையைப் பிரித்து ஐஸில் அடுக்குகிற வேலை, அங்கே எல்லாப் பெண்களின் கையிலிருந்தும் நீர் சொட்டும். கம்பனி வான் காலை ஆறரைக்குச் சந்திக்கு வரும்.